நடுக்கோட்டு வாய்க்கால்

மான்செஸ்டர்
26 மே 2025

அன்புத் தம்பி சூர்யாவுக்கு,

அக்கா எழில்மொழி எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே வெயில் என்று ஒன்று நாலு நாளாக வந்து போகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மேகலா உன்னை வேளைக்குச் சாப்பிட வைக்கிறாளா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. பொங்கலன்று நீ பாதியில் வைத்த போனை நினைத்துத்தான் இந்த ஏற்பாடு. கடிதத்தில் சண்டை போட்டாலும் பதில் வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். வாட்ஸப்பும் வேண்டாம். கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவாய்.

இங்கே கால்பந்து சீசன் முடிந்துவிட்டது. எங்கள் கம்பெனிக்கு இப்போதுதான் வேலை. ஸ்டேடியம் ஸ்டேடியமாகப் போய்ப் பழைய புல்லை வேரோடு சுரண்டி எடுத்து, மணலைச் சமன் செய்து, புதிதாக விதைக்க வேண்டும். நேற்று கடைசி ஆட்டம் முடிந்ததும் ஓல்ட் டிராஃபோர்டு ஸ்டேடியத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தேன். டிவியில் தட்டையாகத்தான் தெரியும். நேரில் பார்த்தால் நடுவில் மேடு, நாலு பக்கமும் சரிவு. ஓரத்தில் ஓடுகிறவன் வேகத்தை அடக்காவிட்டால் கீழே இறங்கிவிடுவான். மழைத்தண்ணீர் நடுவில் நிற்கக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்திலேயே செய்து வைத்தது. நம் ஊரில் களை என்று நாம் பிடுங்கி எறிந்த சாதியை இங்கே குழந்தை மாதிரி வளர்க்கிறேன். மாடு வாய் வைக்காத புல்லுக்கு எட்டு வருடம் உழைத்தாயிற்று.

போதும் என்று தோன்றுகிறது. அடுத்த பிப்ரவரியோடு விசா முடிகிறது. நீட்டிக்கப் போவதில்லை. வந்து நம் வடக்குப்பத்து வயல் மூன்று மாவையும், அந்த ஒரு ஏக்கரையும், நானே பயிர் செய்யப் போகிறேன். பட்டா உன் பேரில் இருந்தாலும் அது எழிலுக்கு என்று அப்பா உன்னை வைத்துக்கொண்டுதான் சொன்னார். இந்த வருடச் சம்பாவை மட்டும் நீ பார்த்துக்கொள். அடுத்த வருடம் நான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

கீழப்புலியனூர், திருவாரூர் வழி
14 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சூர்யபிரகாஷ் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். முதுகுவலி உட்கார்ந்தால் இருக்கிறது, நின்றால் இல்லை. டாக்டர் நிற்கச் சொல்லிவிட்டார்.

மேட்டூரில் பன்னிரண்டாம் தேதி தண்ணீர் திறந்துவிட்டார்கள். நம் வாய்க்காலுக்கு வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வள்ளியம்மை அத்தை இப்போதே மண்வெட்டியோடு மடையில் நிற்கிறது. நம் வயலுக்கு மேல் பக்கத்துக் கோயில் நிலத்துக் குத்தகையை இந்த வருடமும் விடவில்லை.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அந்த ஸ்டேடியத்துப் புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது? மணல் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு? எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணியில் ஆட ஆரம்பித்துவிடுகிறார்களே, அந்தத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது? குழாய் என்றால் எத்தனை அங்குலம், எத்தனை அடிக்கு ஒன்று? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

நீ வருவது பற்றி மேகலாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். அவசரப்பட்டு முடிவு எடுக்காதே. அங்கே இருக்கிற மரியாதை இங்கே வயலில் கிடைக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி சூர்யா

*

மான்செஸ்டர்
2 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

எட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி இது. சம்பளம் கேட்டிருக்கிறாய், குளிர் கேட்டிருக்கிறாய், புல்லைக் கேட்டதில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

மேலே ஒரு சாண் மணல், விதை அதில்தான். அதற்குக் கீழே கரடு மணல். அதற்கும் கீழே கூழாங்கல். அதன் அடியில் பதினைந்து அடிக்கு ஒன்றாக ஓட்டைக் குழாய்கள், எல்லாம் போய் ஓரத்தில் பெரிய குழாயில் சேரும். உள்குழாய் நாலு அங்குலம் இருந்தால் தாராளம். படம் வரைந்து வைத்திருக்கிறேன், பார். குளிர்காலத்தில் மண் உறையாமல் இருக்க வெந்நீர்க் குழாய் தனியாக ஓடும். உனக்கு அது வேண்டாம், திருவாரூருக்கு அந்தச் செலவை ஆண்டவன் வைக்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. இது முழுக்கப் புல்லும் இல்லை. இயந்திரத்தை வைத்து மணலுக்குள் பிளாஸ்டிக் நூலைத் தைத்துவிடுகிறார்கள். நூற்றுக்கு நாலைந்து இழை பிளாஸ்டிக். வேர் அதைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

போன வாரம் லண்டனில் டாட்டன்ஹாம் ஸ்டேடியத்துக்கு அனுப்பினார்கள். அங்கே புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து தண்டவாளத்தில் நகர்ந்து பார்வையாளர் மாடத்துக்கு அடியில் போய்விடுகிறது. அதன் கீழே இன்னொரு தரை, அது முழுக்கப் பிளாஸ்டிக், வேறு ஆட்டத்துக்கு. உள்ளே போன புல்லுக்கு அந்த இருட்டில் விளக்குப் போட்டு வைக்கிறார்கள். மேலே எதைக் காட்டுகிறோம், கீழே எதை வைத்திருக்கிறோம் என்று ஒரு மைதானம் இவ்வளவு சாமர்த்தியமாக இருப்பதை நான் பார்த்ததில்லை.

அது இருக்கட்டும். வடக்குப்பத்துக்கு என்ன விதை வைத்திருக்கிறாய்? பள்ளத்து வயல், பொன்மணி நெல்தான் தாங்கும். வயலைப் பற்றி நான் எழுதியதற்கு நீ பதிலே எழுதவில்லை.

அக்கா

*

கீழப்புலியனூர்
20 ஜூலை 2025
(எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்தது)

அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வடக்குப்பத்து இப்போது வயல் இல்லை.

இரண்டு வருடமாகச் சம்பா முழுகி அழுகிப் போனது உனக்குத் தெரியும். அழுகின பயிரை அள்ளி வரப்பில் போட்டது நான். அந்த நாற்றம் உனக்குத் தெரியாது. நாகூர் மீரா உசேன், என்னோடு காலேஜில் படித்தவன், அவன்தான் யோசனை சொன்னான். பச்சை விரிப்புப் போட்ட கால்பந்து மைதானம். டர்ஃப் என்கிறார்கள். சின்ன ஊரில்கூட ஒன்று வந்துவிட்டது. நம் ரோட்டோரத்து நிலம், யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் பைக்கில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள்.

பொங்கலன்று உன்னைக் கேட்கத்தான் போன் செய்தேன். ஆரம்பிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. மே மாதம் நீ வருகிறேன் என்று எழுதிய கடிதம் என் கைக்கு வந்தபோது கிராவல் இரண்டடி கொட்டியாகிவிட்டது. ஒன்றரை மா, ஒன்றரை மா, நடுவே வடிகால் என்று இருந்ததை ஒரே தரையாக்கிவிட்டேன். வடிகால் இருந்த இடத்தில் நீ எழுதியபடி ஜல்லி போட்டு நாலு அங்குலக் குழாய் பதித்தேன். உன் படத்தைக் கொத்தனாரிடம் காட்டினேன். "உங்க அக்கா பெரிய இன்ஜினியர் போலருக்கே" என்றார்.

அறுவடை முடிந்த அந்த வயலில்தானே நாம் பந்து ஆடினோம். நீ கோல்கீப்பர். நெல்தாள் குத்திக் கால் முழுக்க ரத்தம், ஆனாலும் பந்தை விடமாட்டாய். நீ சந்தோஷப்படுவாய் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இதை உனக்கு அனுப்பினால் நீ வரமாட்டாய். அனுப்பாவிட்டால் வந்து பார்ப்பாய். எது மேல் என்று தெரியவில்லை.

*

கீழப்புலியனூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ விவரமாக எழுதியதற்கு நன்றி. ஆடிப்பெருக்குக்கு மேகலா சித்ரான்னம் செய்தாள். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது.

வடக்குப்பத்து பச்சைப் பசேலென்று இருக்கிறது. கவலைப்படாதே.

தம்பி சூர்யா

*

மான்செஸ்டர்
10 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

எனக்கு உடம்பு தேவலை. உனக்கும் மேகலாவுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

ஆடி பதினெட்டில் வடக்குப்பத்து எப்படியடா பச்சையாக இருக்கும்? பொன்மணி விதைத்திருந்தால் அப்போது மண்தான் தெரியும். குறுவை போட்டாயா? அந்தப் பள்ளத்தில் அப்பா ஒரு வருடம்கூடக் குறுவை போட்டதில்லை. போட்டிருந்தால் என்ன ரகம் என்று எழுது. திட்டமாட்டேன்.

போன ஞாயிறு லிவர்பூலுக்குப் போயிருந்தேன். எவர்ட்டன் என்ற கிளப் நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆடிய குடிசன் பார்க்கை ஆண்கள் அணி விட்டுவிட்டது. பெண்கள் அணிக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். தெருவோடு தெருவாக, வீட்டுக் கொல்லையில் நிற்பதுபோல் நிற்கிறது அந்த ஸ்டேடியம். அதன் தரை ஓரத்தில் எண்ணூறு பேருக்கு மேல் ரசிகர்களின் அஸ்தியைப் புதைத்திருக்கிறார்களாம். அப்பா அஸ்தியை நீ பூம்புகாரில் கரைத்தபோது நான் இங்கே இருந்தேன். மதில் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

அங்கிருந்து அவர்களுடைய புது ஸ்டேடியத்துக்கு நடந்தேன். ஆற்றங்கரையில் கப்பல் நின்ற துறை ஒன்றை மணல் கொட்டித் தூர்த்து அதன்மேல் கட்டியது. அவ்வளவு பெரிய கட்டடம், ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். தண்ணீர் இருந்த இடத்தைத் தூர்த்துவிட்டார்களே என்று மனசு கேட்கவில்லை, சுற்றி வந்து பார்த்தேன். மேற்குப் பக்கம் ஒரு நீர்க்கால் விட்டிருக்கிறார்கள். முழுக்க மூடவில்லை. ஏதோ ஒரு நிம்மதி.

பதில் போடு. இந்தத் தடவை இரண்டு வரியில் முடிக்காதே.

அக்கா

*

கீழப்புலியனூர்
26 அக்டோபர் 2025

எழிலுக்கு வள்ளியம்மை அத்தை சொல்லி, பேத்தி எழுதுறது.

நல்லா இருக்கியா ஆயி. நாங்க இருக்கோம். தீபாவளிக்கு ஒங்க வீட்டுலேருந்து மேகலா பலகாரம் கொண்டாந்து குடுத்துச்சு.

ஒன்ட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன், தெரியாதுன்னு மேகலா சொன்ன பெறகு தூக்கம் வல்ல. வடக்குப்பத்துல சூர்யா மண்ணடிச்சுப் பந்து விளையாடுற எடம் கட்டிட்டான். பச்சைப் பாய் விரிச்சிருக்கான். பாக்க அழகாத்தான் இருக்கு. அது ஒங்க நெலம், நான் ஒண்ணும் சொல்லல.

ஆனா என் வயத் தண்ணி ஒங்க வயல் நடுவுல இருக்குற வடிகால் வழியாத்தான் காலங்காலமா போவும். இப்ப ஒரு கொழாய் வச்சிருக்கான். ஐப்பசி மழைக்கு என் நாத்து அஞ்சு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. கொழாயப் பாத்தா வைக்கோலும், அந்தப் பாய்மேல தூவுற கருப்பு ரப்பர் பொடியுமா அடைச்சுக் கெடக்கு. கேட்டா "எடுத்துடுறேன் அத்தை, எடுத்துடுறேன் அத்தை"ங்குறான், மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குறான். கார்த்திகை மழை வந்தா பயிர் நிக்காது. ஆறு மாவும் போச்சுன்னா குத்தகையவும் கோயில்ல எடுத்துருவாங்க.

நீ சொன்னா கேப்பான். அவனை வையாத. நல்ல புள்ளதான்.

வள்ளியம்மை

*

மான்செஸ்டர்
12 நவம்பர் 2025

சூர்யா,

நலம் விசாரிக்க இன்று மனசு இல்லை. இருந்தாலும் நன்றாக இரு.

வள்ளியம்மை அத்தையின் கடிதம் முந்தாநாள் வந்தது. மூன்று தடவை உனக்குப் போன் போட எடுத்தேன். போட்டிருந்தால் என் வாயில் என்னென்ன வந்திருக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

கோபம் இருக்கிறது. அது எனக்கு என்று வைத்திருந்த ஒரே இடம். பச்சைப் பசேல் என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆனால் நாலு அங்குலக் குழாயைச் சொல்லிக் கொடுத்தது நான். என் பங்குப் பழியை நான் வாங்கிக்கொள்கிறேன். ஸ்டேடியம் தன் தலையில் பெய்கிற மழையை மட்டும் வெளியே தள்ளினால் போதும். சுற்றிலும் மதில், பக்கத்து வீட்டுத் தண்ணீர் அங்கே வராது. நம் வயல் அப்படி இல்லை. மேலே இருக்கிறவன் தண்ணீரை வாங்கிக் கீழே இருக்கிறவனுக்குக் கடத்திவிட வேண்டும். அதற்காகத்தான் அப்பா இரண்டு வயலாகப் பிரித்து நடுவே மூன்றடி விட்டிருந்தார். இங்கே இருந்து இருந்து நான் இதை மறந்துவிட்டேன். நீ அங்கேயே இருந்துகொண்டு மறந்தாய்.

எனக்கு அந்த வயல் வேண்டாம். இனிமேல் கேட்கமாட்டேன், நீயே மைதானம் நடத்து. அந்த வடிகாலை மட்டும் திற. கார்த்திகை மழை உன் தபால்காரருக்காகக் காத்திருக்காது.

எழில்மொழி

*

கீழப்புலியனூர்
30 நவம்பர் 2025

அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நலம்தான். உன் கடிதம் இருபத்தாறாம் தேதி வந்தது. வடிகாலை வெட்டியது இருபத்துநாலாம் தேதி. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். அத்தையைக் கேட்டுக்கொள்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று இரண்டு நாளும் விடாத மழை. இருபத்துநாலு காலையில் மைதானத்துக்குப் போனேன். விரிப்பில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை வயலில் இடுப்பளவு. அத்தை நடுவில் நின்றது.

"பயிரு கழுத்துவரைக்கும் முழுகிட்டு. நாளைக்குத் தலையும் போயிடும். என்னடா பண்ணப்போற?" என்று கேட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

மீரா உசேனும் வந்துவிட்டான். குழாயில் மூங்கில் விட்டுக் குத்திப் பார்த்தோம். ஒரு சொம்புத் தண்ணீர் போனது, மறுபடி அடைத்துக்கொண்டது. அப்போது நீ எழுதியது ஞாபகம் வந்தது. துறைமுகத்தையே தூர்த்தவன்கூட ஒரு நீர்க்கால் விட்டான் என்று. செப்டம்பரிலிருந்து அந்த வரி என்னைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. அதனால்தான் உனக்குப் பதில் போட முடியவில்லை.

விரிப்பை அறுக்கக் கத்தியை எடுத்தேன். "வெட்டினா போச்சு, ஒட்ட முடியாது, பாத்துக்க" என்றான் மீரா உசேன்.

"தெரியும்டா."

"அப்ப கத்திய ஒழுங்காப் புடி."

வடிகால் இருந்த இடம் சரியாக மைதானத்தின் நடுக்கோடு. வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அறுத்தேன், அதனால் நேராக வந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிப்பை மூன்றடி அகலத்துக்கு உரித்துப் போட்டோம். அப்புறம் மண்வெட்டி. அத்தை, மேகலா, நான், உசேன் நாலு பேரும் மத்தியானம் மூன்று மணி வரைக்கும் வெட்டினோம். கடைசி வரப்பை அத்தைதான் வெட்டியது. தண்ணீர் வந்த வேகத்தில் உசேன் செருப்பு போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் பயிர் தலை தெரிந்தது. நிமிர்ந்துகொள்ளும் என்று அத்தை சொல்கிறது.

உசேன் இரண்டு நாள் மைதானத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டான். இப்போது வடக்குப் பாதியில் மட்டும் ஐந்து பேர் ஐந்து பேராக ஆடுகிறார்கள். அது போதும் என்று அவனே சொல்லிவிட்டான். தெற்குப் பாதியில் விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன். கிராவலை அள்ளிவிட்டால் அடியில் அதே மண்தான். ஒன்றரை மா உனக்கு. வேண்டாம் என்று நீ எழுதியதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

ஜூலையில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இப்போது அதைப் படித்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் கடிதங்களை நேற்று வரிசையாக வைத்துப் படித்தேன். ஜூலை வரை புல், மணல், விதை என்று எழுதியவள் செப்டம்பரில் இரண்டு ஸ்டேடியத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், புல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. மதில் ஓரமாக நின்றேன், சுற்றி வந்து பார்த்தேன் என்கிறாய். நீ ஏன் அக்கா வெளியே நின்றாய்?

தம்பி சூர்யா

*

மான்செஸ்டர்
12 டிசம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

அத்தையின் பயிர் நிமிர்ந்ததா? முதலில் அதை எழுது. மேகலாவின் உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தால் மஞ்சள் பற்றுப் போடச் சொல்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தேன். அதில் தேதிக்குப் பக்கத்தில் மேகலா கையெழுத்தில், "இவர் இதை எழுதிவிட்டுச் சாப்பிடவில்லை" என்று பென்சிலில் இருக்கிறது. நீ கவனித்திருக்கமாட்டாய். சண்டை போட ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஜூலை கடைசியில் எங்கள் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். என்னைப் புல் வேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். விதை மூட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். எட்டு வருடம் உள்ளே போய் வந்த ஸ்டேடியத்தில் இப்போது வாசலில் நின்று எட்டிப் பார்க்கக்கூட எனக்கு அனுமதி அட்டை கிடையாது. ஊருக்கு எழுத வெட்கமாக இருந்தது. நீ பொய் எழுதினாய் என்று கோபப்பட்டவள் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வயல் வேண்டாம் என்று எழுதிவிட்டுத் தபால்பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். அதை விட்டால் எனக்குப் போக இடம் இல்லை.

பிப்ரவரி வரை காத்திருக்கவில்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். உசேனிடம் பலகையை எடுக்க வேண்டாம் என்று சொல், அதன் வழியாகத்தான் நான் என் பாதிக்குப் போக வேண்டும்.

அதுவரை தெற்குப் பாதியின் கிராவலை ஆள் வைத்து அள்ளிவிடாதே. அது என் வேலை. ஐந்து மாதமாக என் நகத்தில் மண் இல்லை.

அன்புடன்,
அக்கா எழில்